மண் தின்னாத கால்

நகராட்சிக் கடிதம் மார்ச் மாதம் வந்தது. மூன்றே வரி. என் அப்பா அஸ்தேரிஸ் அடக்கமாகி மூன்று ஆண்டு நிறைவதால், ஜூன் பதினான்காம் தேதிக்குள் குடும்பத்தார் வந்து குழியைத் திறந்து எலும்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும். குழி அடுத்தவருக்கு வேண்டும் என்பதை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. எங்கள் துறைமுக ஊரான கவாலாவில் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற மண் அவ்வளவுதான். இறந்தவர்களும் முறை வைத்துத்தான் படுக்க வேண்டும்.

கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பயம் வந்தது. அப்பாவை நினைத்து அல்ல. அப்பாவின் கால்களில் நான் மாட்டிவிட்டிருந்த இரண்டு பாலித்தீன் பைகளை நினைத்து.

அப்பா முப்பத்தோரு வருடம் துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை பார்த்தார். மீன்பிடிப் படகுகளுக்கான ஐஸ். தினமும் காலையில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போடுவார். அதற்கு மேல் ரொட்டிக் கடைப் பை ஒன்று, கணுக்காலில் முடிச்சு. அதற்கு மேல் ரப்பர் பூட்ஸ். ஆலையில் எல்லாரும் அப்படித்தான். பை போடாதவனுக்கு நாற்பது வயதில் கால்விரல் மரத்துப்போகும். எங்கள் வீட்டில் ரொட்டி வாங்கிய பையை யாரும் எறிந்ததில்லை. அம்மா அதை உதறி, நீவி, நான்காக மடித்து இழுப்பறையில் வைப்பாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் பேசியதெல்லாம் கால் குளிர்கிறது என்பதுதான். இரண்டு போர்வை போட்டோம், வெந்நீர்ப் பை வைத்தோம். குளிர் போகவில்லை. அவர் போன பிறகு, உடை மாட்டிவிட வந்த ஆள் சிகரெட் பிடிக்க வெளியே போனார். ஐந்து நிமிடம் இருக்கும். நான் என் கைப்பையிலிருந்து பைகளை எடுத்தேன். காலுறை, பை, முடிச்சு, கறுப்பு ஷூ. கால்சட்டையை இறக்கிவிட்டேன். அந்த ஆள் திரும்பி வந்தபோது நான் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தேன்.

நான் வேதியியல் படித்தவள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மண்ணுக்குள் பாலித்தீன் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் ஆகாது. காற்றும் ஈரமும் கிருமியும் நுழையாத இடத்தில் சதை என்ன ஆகும் என்பதும் தெரியும்.

கரையாமல் கிடக்கும் உடம்புக்கு எங்கள் ஊரில் அர்த்தம் ஒன்றிரண்டுதான். பெரிய பாவம் செய்தவன், இல்லையென்றால் யாராலோ சபிக்கப்பட்டவன். குழி தோண்டுகிற பந்தாஜிஸ் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார். களிமண், மருந்து, நைலான் சட்டை இவைதான் காரணம் என்று, வருகிறவர்களிடம் பொறுமையாகச் சொல்வார். அவர்களும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.

கடிதம் வந்த வாரம் நான் இரண்டு கோழிக் கால்கள் வாங்கினேன். ஒன்றை அப்படியே, ஒன்றை ரொட்டிப் பையில் முடிந்து, பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த மண்ணில் புதைத்தேன். மேலே அடையாளத்துக்குக் கல். பதினோரு வாரம் கழித்துத் திறந்தேன். முதலாவதில் எலும்பு மட்டும் இருந்தது, சுத்தமாக. பையை நான் முழுவதும் பிரிக்கவில்லை. முடிச்சைத் தளர்த்தியதும் வந்த நாற்றத்திலேயே மூடிவிட்டேன். உள்ளே வெள்ளையாக, துணி துவைக்கும் சோப்பைப் போல ஏதோ தெரிந்தது. கையை மூன்று முறை கழுவினேன். அன்று முழுவதும் மற்ற மாதிரிகளைச் சோதிக்கும்போதெல்லாம் விரலை முகர்ந்துகொண்டே இருந்தேன்.

ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரலில், கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தாஜிஸ் சைப்ரஸ் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியும் ஆலிவ் காயும் தின்றுகொண்டிருந்தார். இன்னும் ஒரு வருடம் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன். என் குரல் அவர் காதில் விழவில்லை. இரண்டாவது முறை சொன்னேன்.

"எல்லாரும்தான் கேக்குறாங்க, கண்ணு. இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்னு. உள்ள இருக்கறவர்தான் ஒண்ணும் கேக்கறதில்ல."

பிறகு, தள்ளிப்போட வழி இருக்கிறது, ஆனால் மனைவி கையெழுத்துப் போட வேண்டும் என்றார். விதையைத் துப்பிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா பால்கனியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கடிதம் வந்த நாளிலிருந்து அவள் எண்ணெயும் இறைச்சியும் தொடவில்லை. தவக்காலம் என்று நினைத்திருந்தேன். ஈஸ்டர் முடிந்த பிறகும் தொடவில்லை. நான் எதிரே உட்கார்ந்து, ஒரு வருடம் தள்ளிப்போடலாமா என்றேன். உடனே சரி என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எலும்புகளைப் பார்க்க விரும்புவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னொரு வருஷம் என்னால தாங்க முடியாது, மெல்ப்போ. நான் பாத்தாகணும்."

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவள் நாலைந்து காய்களை உரித்தாள். பிறகு சொன்னாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

எனக்கு ஆறு வயதானபோது அப்பா எங்களை விட்டுப் போனார். அலெக்சாந்த்ரூப்போலியில் துறைமுகத்துக் கடை ஒன்றை நடத்திவந்த ஒரு பெண்ணிடம். அதுவரை அது எனக்குத் தெரியாது. அந்தக் குளிர்காலம் அப்பா வேறு ஊரில் வேலை பார்த்தார் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நவம்பர் மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அம்மா மேல்படியில் நின்று அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்த வீட்ட விட்டு உன்னைத் தூக்கிட்டுப் போற காலு ரெண்டையும் மண்ணு தின்னாம போகட்டும்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஏப்ரலில் அதே பெட்டியோடு வந்தார். மறுநாள் வேலைக்குப் போனார். அதைப் பற்றி இருவரும் மறுபடி பேசியதே இல்லை. பிறகு பதினெட்டு வருடம் சேர்ந்துதான் வாழ்ந்தார்கள். மோசமாக அல்ல. நான் பார்த்திருக்கிறேன், தொலைக்காட்சிக்கு முன்னால் சேர்ந்து சிரிப்பார்கள்.

சாபத்தைச் சொன்னவர்தான் திரும்ப எடுக்க முடியும். சபிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே எடுக்க வேண்டும். ஒரு கிளாஸ் தண்ணீரில் உப்பைக் கரைத்து, இந்த உப்பு கரைகிற மாதிரி என் வார்த்தையும் கரையட்டும் என்று சொல்லி, அவரைக் குடிக்கவைக்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உப்பைக் கரைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நர்ஸோ நானோ உள்ளே வந்துவிடுவோம். அவளுக்கு வெட்கம். கொண்டுபோய்க் கொட்டிவிடுவாள். நான்காம் நாள் அப்பா இல்லை.

அந்தக் கிளாஸ் எனக்கு நினைவிருந்தது. ஒருநாள் தாகத்தில் அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டேன். உப்பாக இருக்கிறதே என்றதற்கு, தொண்டைக்குக் கொப்பளிக்க வைத்தேன் என்றாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அம்மா, நான் ஒரு காரியம் செய்தேன் என்று ஆரம்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கால் என்று சொல்லியிருந்தாள். உடம்பு என்றோ முகம் என்றோ சொல்லவில்லை. பால்கனியில் வெயில் இருந்தது. உரித்த தோல்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதுவரை என் பயம் எளிமையானது. குழியைத் திறப்பார்கள், பையைப் பார்ப்பார்கள், நான் மாட்டிக்கொள்வேன். அன்றிலிருந்து பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பேருந்தில் போகும்போதும் குழாய் நீரைச் சோதனைக் குப்பியில் பிடிக்கும்போதும் ஒரே கேள்வி. ஒரு மனிதரின் உடம்பு முழுவதும் இருக்க, நான் ஏன் கால்களைத் தேர்ந்தெடுத்தேன்? அவருக்குக் கால் குளிர்ந்தது, அதனால்தான் என்று பதில் சொல்லிக்கொள்வேன். ஏன் கால் மட்டும் குளிர்ந்தது என்று அடுத்த கேள்வி வரும். ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் கால்தான் குளிரும். அது சரியான பதில். சரியான பதில் கிடைத்தால் பயம் குறையும் என்று நான் படித்த படிப்பு சொன்னது. குறையவில்லை.

கரைவதைப் பற்றியும் யோசித்தேன். மூன்று வருடத்தில் அப்பாவில் பெரும்பகுதி அவராக இல்லாமல் ஆகியிருக்கும். கொஞ்சம் சைப்ரஸ் மரத்தில் ஏறியிருக்கும், கொஞ்சம் மழையோடு கடலுக்குப் போயிருக்கும், கொஞ்சம் காற்றில். எதுவும் அழியவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த மரத்தடியில் நின்று யாரும் அஸ்தேரிஸ் என்று கூப்பிட முடியாது. அவர் முழுவதும் கரைந்திருந்தால் நல்ல ஆத்மா என்பார்கள். கரையாமல் இருந்தால் சபிக்கப்பட்டவர். இரண்டில் எது எனக்கு வேண்டும் என்று ஒருநாள் என்னையே கேட்டுக்கொண்டேன். வந்த பதிலை முடிக்கவிடாமல் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

ஜூன் பதின்மூன்றாம் தேதி பந்தாஜிஸிடம் மறுபடி போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"ரொட்டிப் பைதானே? நான் ஒரு ஆளைக் கைபேசியோட எடுத்திருக்கேன். பக்கத்துலயே சார்ஜர் வேற. எங்க சொருகுவாருன்னு நெனச்சாங்களோ."

திட்டம் அவரே சொன்னார். பெண்கள் எப்போதும் தலைமாட்டில்தான் நிற்பார்கள். மண்டையோடு முதலில் வரும், எல்லாரும் அதைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அவர் ஷூக்களை எடுத்து மண் வாளியில் போட்டு மூடிவிடுவார். பாத எலும்பு சின்னது, மக்கிப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படி நான் யார் கையையும் பிடித்ததில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குழியடியில் ஐந்து பேர் நின்றோம். அம்மா எவந்தியா, நான், அப்பாவின் தங்கை அந்தூலா அத்தை, பந்தாஜிஸ், பாதிரியார் மெத்தோதியோஸ். பாதிரியாருக்குப் பதினொரு மணிக்கு ஞானஸ்நானம் ஒன்று இருந்தது. சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று வந்தவுடனே சொன்னார். அத்தை இரண்டு பாட்டில் சிவப்பு ஒயினும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்திருந்தாள். எலும்புப் பெட்டியில் அப்பாவின் பெயரும் பிறந்த, இறந்த வருடங்களும் எழுதியிருந்தன.

பந்தாஜிஸ் என்னைப் பார்த்துக் கண்ணசைத்துவிட்டு, பெண்களெல்லாம் இந்தப் பக்கம் வாருங்கள் என்று தலைமாட்டைக் காட்டினார். அத்தை போனாள். அம்மா போகவில்லை. கால்மாட்டில் போய் நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இங்க வாங்க. அங்க மண்ணு தெறிக்கும்," என்றாள் அத்தை.

"தெறிக்கட்டும்."

நானும் கூப்பிட்டேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பந்தாஜிஸ் தோளைக் குலுக்கிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

முதலில் காய்ந்த மண், பிறகு ஈரமண். பலகைத் துண்டுகள் கறுத்து வந்தன. அதன் பிறகு அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கிக் கையால் தள்ள ஆரம்பித்தார். மண்டையோடு வந்தது. பாதிரியார் ஜபத்தைத் தொடங்கினார். அத்தை அதை வாங்கி நெற்றியில் முத்தமிட்டு, ஒயின் ஊற்றித் தடவினாள். எலும்பு தேன் நிறத்தில் இருந்தது. அது நல்ல அடையாளம்.

"பாருங்க, தங்கம் மாதிரி இருக்கான் எங்கண்ணன்," என்றாள் அத்தை. அழுதுகொண்டே சிரித்தாள்.

தோள் எலும்பு, விலா, கைகள், முதுகெலும்பின் கண்ணிகள். எல்லாம் சுத்தம். ஒவ்வொன்றையும் அத்தை கழுவித் துணியில் வைத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எலும்பு வரும்போதும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இடுப்பெலும்பு வந்தபோது உதடு முணுமுணுத்தது. தொடை எலும்புகள் வந்தன. முழங்கால் சில்லுகள் வந்தன.

பந்தாஜிஸ் கால்மாட்டுக்கு முதுகைத் திருப்பிக் குனிந்தார். ஒரு ஷூவை எடுத்து முழங்கையால் மறைத்து வாளிக்குக் கொண்டுபோனார். அது இலேசாக இருந்திருந்தால் தப்பியிருக்கும். வாளிக்குள் விழுந்த சத்தம் கனமாக இருந்தது.

"அது என்ன?" என்றாள் அம்மா.

அது ஒன்றும் இல்லை, தோல் ஷூ மக்க நாளாகும் என்றார் பந்தாஜிஸ்.

"அதத் திறங்க."

"எவந்தியாம்மா, விடுங்க. ஃபாதருக்கு நேரமாகுது."

"திறங்க, பந்தாஜிஸ்."

அவர் என்னைப் பார்த்தார். பாதிரியார் பாதி ஜபத்தில் நிறுத்தியிருந்தார். நான் பேசினேன். பேசினேன் என்றுதான் நினைத்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன்.

"அம்மா, அது நான். நான்தான் அப்பாவுக்கு ரொட்டிப் பை மாட்டிவிட்டேன். அதனாலதான் கரையல."

"என்னடி உளர்றே?" என்றாள் அத்தை.

அம்மா குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம் பொண்ணு எப்பவும் இப்படித்தான், ஃபாதர். வீட்ல யார் கண்ணாடிய உடைச்சாலும் நான்தான்னு வந்து நிப்பா."

என்னை நம்பாமல் போவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

பந்தாஜிஸ் கத்தியால் ஷூவின் கயிற்றை அறுத்தார். தோலை விலக்கினார். பை இருந்தது. ரொட்டிக் கடையின் பெயர் நீல எழுத்தில் புதிதாக இருந்தது. தொலைபேசி எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. என் முடிச்சு அப்படியே இருந்தது, இரட்டை முடிச்சு. பைக்குள் ஐந்து விரல்களின் வடிவம் தெரிந்தது, வெள்ளையாக.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். பாதிரியார் என்ன செய்வதென்று தெரியாமல் ஜபத்தை ஆரம்பத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார். அம்மா குனிந்து அந்த நீல எழுத்துகளைப் படித்தாள். உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக. படித்து முடித்து ஒரு மூச்சு விட்டாள். மூன்று வருடமாக அடக்கி வைத்த மூச்சு போல இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் கால்?"

குளிருகிறது என்று அப்பா சொன்னார் என்றேன்.

"ஒடம்பு முழுக்க இருக்கு. கை இருக்கு, நெஞ்சு இருக்கு. ஏன் கால்?" குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. "நீ அங்க இருந்தே, மெல்ப்போ. படிக்கட்டுல, எனக்குப் பின்னாடி. எம் பாவாடையப் புடிச்சுக்கிட்டு நின்னே. நான் சொன்னது உங்காதுல விழுந்துச்சு. அது எம் வாயிலேருந்து உங்கைக்குப் போயிருக்கு."

அத்தை கையில் ஒரு முழங்கால் சில்லு இருந்தது. என்ன சொன்னீர்கள், எங்கள் அண்ணனை என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அம்மா அவளுக்கும் சொன்னாள், பாதிரியாருக்கு முன்னால், ஒளிக்காமல். அத்தை ஒயின் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

எனக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் இல்லை. உண்மையிலேயே இல்லை. ஆனால் அம்மா சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. ஒரு சொல் ஆறு வயதுக் குழந்தையின் காதில் நுழைகிறது. புரியாமல் உள்ளே தங்குகிறது. பதினெட்டு வருடம் கழித்து, சிகரெட் பிடிக்கப் போன ஒருவன் திரும்பி வருவதற்குள், அந்தக் குழந்தையின் கையை அசைக்கிறது. இதில் இயற்கைக்கு மாறானது எதுவும் இல்லை. விளைவு என்றால் காரணம் உண்டு என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் நான் செய்தேன் என்று நான் சொல்லும்போது அந்த நான் யார்? வாழ்நாள் முழுவதும் நானாகச் செய்ததாக நினைத்தவற்றில் எத்தனை யார் யாருடைய வாயிலிருந்தோ வந்தவை? குழியில் விழுந்துவிடுவேனோ என்று ஒரு அடி பின்னால் வைத்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று நான் சொன்னால், இதை அவள் தன்னுடைய குழிக்குக் கொண்டுபோவாள். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"உன் வார்த்தை இல்லம்மா," என்றேன். "கரையாதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. எனக்குத் தெரியாதா? அப்பா மொத்தமா இல்லாம போறது எனக்குப் பிடிக்கல. கொஞ்சமாவது இருக்கட்டும்னு நெனச்சேன். குளிருக்காகன்னு சொன்னது பொய். நானா நெனச்சு, நானா செஞ்சது."

இவ்வளவு பேர் முன்னால் நான் இவ்வளவு பேசியதில்லை. பேசியதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கி, சந்தையில் மீனின் எடையைக் கையால் பார்ப்பது போல, கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். விட்டுவிட்டாள். பாதிரியாரிடம் திரும்பி, இறந்த பிறகு சொல்லி வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமா, உயிரோடு இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்கிறார்களே என்று கேட்டாள்.

பாதிரியார் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போனவர், பாதியில் கையை இறக்கிக்கொண்டார். "கடவுளுக்கு முன்னாடி பின்னாடின்னு ஒண்ணும் கிடையாதும்மா. சொல்லுங்க," என்றார்.

அம்மா குழி விளிம்பில் மண்டியிட்டாள். பந்தாஜிஸ் ஷூவைக் கையில் வைத்தபடியே தொப்பியைக் கழற்றினார்.

"அஸ்தேரிஸ், நான் சொன்னத எடுத்துக்கிட்டேன். முன்னமே எடுத்திருக்கணும். வெக்கமா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அத்தை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கையிலிருந்த சில்லைக் கழுவித் துணியில் வைத்தாள்.

எலும்புகளைப் பெட்டிக்குள் அடுக்கினோம். கால்களைச் சுவரோரம் சின்னக் குழியில் வெறும் மண்ணில் வைத்து இன்னொரு வருடம் விட வேண்டும் என்றார் பந்தாஜிஸ். பைகளை யார் அறுப்பது என்று அவர் கேட்கவில்லை. கத்தியை என்னிடம் நீட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழாயடியில் ஒயின் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள், அது எதற்கும் தேவையில்லை என்றாலும்.

பிறகு வழக்கம்போல எல்லாரும் காப்பி குடித்தோம். பாதிரியார் நின்றபடியே குடித்துவிட்டு ஓடினார். அத்தை காப்பியோடு வந்த பிராந்தியை ஒரே மடக்கில் குடித்தாள். சர்க்கரைக் கிண்ணத்தை அம்மா பக்கம் தள்ளிவிட்டு, நாளைக்கு நான் வர மாட்டேன், அதற்கடுத்த நாள் வருகிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து படியேறும்போது அது தொடங்கியது. நடுப்படியில் நின்றுவிட்டேன். எனக்கு ஒரு கம்பி தெரிந்தது. பச்சை வண்ணம் அடித்த கைப்பிடிக் கம்பி, என் கண்மட்டத்தில். இப்போது அது கறுப்பு வண்ணம், என் இடுப்புக்கு வரும். பிறகு ஒரு பழுப்புக் கோட்டின் முதுகு. பெட்டியின் மூலை சுவரில் இடித்துக் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. என் கைக்குள் சொரசொரப்பான துணி.

காலையில் இது என்னிடம் இல்லை. அம்மாவின் வார்த்தை இதை எங்கிருந்தோ எழுப்பியதா, இல்லை இப்போதுதான் உண்டாக்கியதா? விடை தெரிந்த பிறகு வருகிற அளவீட்டைப் பரிசோதனைக் கூடத்தில் எறிந்துவிடுவோம். இதை எங்கே எறிவது? ஒவ்வொரு படியிலும் இன்னும் கொஞ்சம் தெளிவாகிக்கொண்டே வந்தது. மேல்படிக்கு வந்தபோது நான் நிற்க வேண்டிய இடம்கூட எனக்குத் தெரிந்தது. அதைத் தாண்டி, காலை அகல வைத்து, உள்ளே போனேன்.

அம்மா மீன் வறுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு வீட்டில் எண்ணெய் வாசனை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மாவில் புரட்டிய மீன்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் முகம் பத்து வருடம் இளமையாக இருந்தது. இரண்டு மீன் தின்றாள். மூன்றாவதை எடுத்துத் தட்டில் போட்டவள் கையை நிறுத்தினாள்.

"மெல்ப்போ. நீயா நெனச்சுத்தானே செஞ்சே?"

எனக்கு அப்போது கோட்டின் பின்பக்கத்தில் ஒரு தையல் பிரிந்திருந்தது தெரிந்தது. அவள் குரலும் கேட்க ஆரம்பித்திருந்தது, இளம் வயதுக் குரல், எனக்கு மேலிருந்து.

"ஆமாம்மா. நானாத்தான்."

அவள் தலையாட்டினாள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, எலுமிச்சையைத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.